பாலாற்றங்கரைக் கோயிலில் 2.5 ஹெர்ட்ஸ்: மண்ணா, கோபுரமா?

வேலூர் பக்கம் ஒரு பழைய கோயில், ஐந்து நிலைக் கோபுரம், இந்திய நிலநடுக்கக் கட்டடத் தரமான ஐஎஸ் 1893 (2016) படி நிலநடுக்க மண்டலம் 3. அடியில் உள்ள மண் அதிர்வை எவ்வளவு பெருக்கும் என்று பார்க்கிறேன். துளையிட அனுமதி இல்லை, அது நியாயம்தான். சுத்தியல் அடித்து 24 ஜியோபோனில் (தரை அதிர்வை உணரும் கருவி) எடுத்ததில் 12 மீட்டர் மணல், எஸ் அலை (மண்ணைக் குறுக்காகக் குலுக்கிச் செல்லும் அலை) வேகம் நொடிக்கு 200 மீட்டர், கீழே பாறை. அப்படியானால் வேகத்தை ஆழத்தின் நான்கு மடங்கால் வகுத்து 4.2 ஹெர்ட்ஸில்தானே மண்ணின் உச்சம் வரவேண்டும்? எச்/வி வரைபடத்தில் (தரையின் கிடைமட்ட அதிர்வைச் செங்குத்து அதிர்வால் வகுத்து வரைவது) அது வருகிறது, ஆனால் 2.5 ஹெர்ட்ஸிலும் இன்னொன்று நிற்கிறது.

லாரி சத்தம் குறையட்டும் என்று இரவு 2 மணிக்கு 40 நிமிடம் பதிவு செய்தேன், போர் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன், அப்படியும் போகவில்லை. கோபுரத்திலிருந்து 5 மீட்டரில் பலமாக இருக்கிறது, 20 மீட்டரில் தேய்கிறது, மறையவில்லை. கோபுரத்தின் ஆட்டம் என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனால் மேலே ஏறிக் கருவி வைக்க விடமாட்டார்கள்.

ஏறாமல், தரையிலிருந்தே இது கோபுரத்தினுடையது என்று உறுதி செய்ய என்ன வழி?