கடலோர அடுக்குமாடியில் வீடு: என்னென்ன கேட்க வேண்டும்?

கடலைப் பார்த்து எழும்பும் உயரமான கட்டடம் ஒன்றில் வீடு வாங்க யோசிக்கிறோம். கீழ்த் தளங்களில் ஹோட்டல், மேலே குடியிருப்பு. காட்சி அருமைதான். ஆனால் உப்புக் காற்றிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்; துரு உப்பி கான்கிரீட்டையே பிளந்துவிடும். 2021-இல் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி சரிந்து 98 பேர் இறந்ததைப் படித்ததிலிருந்து எனக்குக் கொஞ்சம் பயம்.

தூண் கம்பிக்கு வெளியே எத்தனை மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன்) விட்டிருக்கிறார்கள் என்று விற்பனைப் பிரிவில் கேட்டால், நீச்சல்குளத்தின் படத்தைக் காட்டுகிறார்கள்! கட்டடப் பொறியாளர்கள் யாராவது இருந்தால், எந்தச் சோதனை அறிக்கைகளைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள். அப்புறம், லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் எல்லாம் ஹோட்டலுக்கும் பொது என்றால் பராமரிப்புச் செலவை எப்படிப் பிரிப்பார்கள்? இப்படிப்பட்ட கட்டடத்தில் குடியிருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவி.