பைக்கின் குரோம் முலாமைத் துடைக்கப் போய் என்ன ஆனது? பார்த்ததை எழுதுங்கள்

கிக்ஸ்டார்ட்:
பின் மட்கார்டில் ஊசிமுனை அளவு துருப் புள்ளிகள், அவ்வளவுதான். கழுவியவர் கழிப்பறை ஆசிடை அப்படியே ஊற்றித் தேய்த்துவிட்டார். நுரை பொங்கியது, புள்ளி மறைந்தது. மறுநாள் வெயிலில் பார்த்தால் ஆசிட் வழிந்த தடமெல்லாம் கோடு கோடாக மங்கிய மஞ்சள் சாயல். அழுக்கு என்று நினைத்து மறுபடி பாலிஷ் போட்டார்கள், போகவில்லை. போகாது. குரோம் கரைந்து அடியில் இருக்கும் நிக்கல் வெளியே தெரிகிறது. அலங்காரக் குரோமின் கனம் கால் மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மிஞ்சினால் அரை மைக்ரானுக்குச் சற்று மேலே. துருவைத் தடுத்து நிறுத்துவது அதற்குக் கீழே பல மைக்ரான் கனத்தில் இருக்கும் நிக்கல்தான். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் குரோமைக் கரைக்கும். பழைய குரோமை உரிப்பதற்கே முலாம் பட்டறைகளில் அது பயன்படுகிறது. அந்த மட்கார்டுக்கு இனி மறுமுலாம் ஒன்றே வழி. இந்த மாதிரிப் புள்ளித் துருவுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

டூல்பாக்ஸ்:
சமையலறை அலுமினியத் தாள் போதும் நண்பரே. முதலில் ஷாம்பு போட்டு மணல் போகக் கழுவணும். மணலோடு தேய்த்தால் கீறுவது மணல்தான், பழி தாள்மேல் விழும். உள்ளங்கை அளவு தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேய்க்கணும். பழுப்பும் சாம்பலும் கலந்த சேறு வரும். உடனே துடைத்துவிட்டுப் புதுத் துண்டு எடுக்கணும்.

ஒரு ஹேண்டில்பாரில் கிளட்ச் கிளாம்ப்பை (கிளட்ச் லீவரைப் பிடித்திருக்கும் பட்டையை) கழற்றியதும் உள்ளே வளையமாகத் துரு. தாள் போட்டுச் சேற்றைத் துடைத்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆனால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். அதெல்லாம் துளை. தண்ணீர் அந்த வழியாகத்தான் இரும்புக்கு இறங்குகிறது. துருவை எடுத்தாலும் துளை துளைதான். எடுத்த கையோடு மெழுகால் அடைக்காவிட்டால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் பூக்கும்.

ஸ்போக்:
தாள் தட்டையான இடத்துக்குச் சரி. ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் சின்ன நட்டான நிப்பிளின் இடுக்கில் நுழையாது. நான்கு சைபர் (0000) ஸ்டீல் வுல்லில், அதாவது மிக மெல்லிய இரும்பு நாரில், ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்தால் ஸ்போக் முழுக்கச் சுத்தமாகிவிடும். குரோம் இரும்பைவிடக் கடினம், கீறாது.

டூல்பாக்ஸ்:
@ஸ்போக், கடினம் என்பது சரி. ஆனால் நிப்பிள் வரைக்கும் ஸ்டீல் வுல் ஓட்டிய ஒரு சக்கரத்தை மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். நிப்பிள் கழுத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி ஆரஞ்சு நிறம். உடைந்து தங்கிய நார் துருப்பிடித்து, ரிம்மையும் கறையாக்கிவிட்டது. இடுக்குக்குப் பித்தளை நார் அல்லது மென்மையான பித்தளை பிரஷ் எடுங்கள். முலாம் உரியத் தொடங்கிய இடத்தில் அதுவும் வேண்டாம், விளிம்பைத் தூக்கிவிடும்.

பதினேழாம் நம்பர் ஸ்பேனர்:
மேலே சொன்ன எதையும் முன் ஃபோர்க் குழாயில் (முன் சக்கரத்தின் ஷாக் அப்சார்பர் குழாயில்) யாரும் செய்துவிடாதீர்கள், தயவுசெய்து. அது வேறு குரோம். அலங்காரத்துக்கு இல்லை, தேய்மானத்துக்காகப் போட்ட கடினக் குரோம். கனமும் பல மடங்கு அதிகம், பெரும்பாலும் நேரடியாக இரும்பின் மேலேயே ஏற்றி கிரைண்ட் செய்திருப்பார்கள்.

ஒரு வண்டியில் ஃபோர்க் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீலைப் புதிதாகப் போட்டும் கசிவு நிற்கவில்லை. குழாயைத் துடைத்துவிட்டு முன்பக்கத்தை ஒருமுறை அமுக்கி விட்டால், ஒரே ஒரு கோடாக எண்ணெய் மேலேறி ஒரு புள்ளியில் நின்றது. அங்கே நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. எள் அளவு துருக்குழி, அதன் விளிம்பு சீல் உதட்டை ஒவ்வொரு அசைவுக்கும் அறுத்துக்கொண்டிருந்தது. சீலை எத்தனை தடவை மாற்றி என்ன பயன்?

செய்யவேண்டியது: 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் (மிக நைசான உப்புத்தாளில்) எண்ணெய் தொட்டு, தூக்கி நிற்கும் விளிம்பை மட்டும் எடுக்கணும். குழாயைச் சுற்றிய திசையில் தேய்க்கணும், மேலும் கீழும் இழுத்தால் அந்தக் கீறலே எண்ணெய்க்கு வாய்க்கால். பிறகு பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, குழியில் இரட்டைக் கலவை எபாக்ஸி பசை வைத்து, முழுக்க இறுகியதும் அதே பேப்பரால் சமப்படுத்தணும். சீல் தொடாத உயரத்தில் இருக்கும் குழியால் ஆபத்தில்லை. தொடும் இடத்தில் குழி கூட்டமாக இருந்தால் மறுகுரோம் போட்டு கிரைண்ட் செய்யணும், அல்லது குழாயை மாற்றணும்.

ட்வின்பைப்:
சைலன்சர் பைப் நீலமானதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே! இரட்டை சிலிண்டர் வண்டி ஒன்றில் இடது பைப் மட்டும் நீலம், வலது லேசான பொன்னிறம். நீலம் நீக்கும் பேஸ்ட் போட்டுத் தேய்த்து வெள்ளையாக்கினார்கள். ஒரு நீண்ட ஓட்டம், திரும்பி வந்தால் மறுபடி மயில்கழுத்து. இடது கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்ட் ரப்பரில் வெடிப்பு, காற்று கூடுதலாகப் போய் பெட்ரோல் கலவை மெலிந்து அந்தப் பக்கம் சூடு ஏறியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் நீலம் என்றால் பாலிஷைத் தொடாதீர்கள். மேனிஃபோல்ட், எக்ஸாஸ்ட் கேஸ்கெட் (பைப் என்ஜினோடு சேரும் இடத்து வளையம்), மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை), டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) நான்கையும் பாருங்கள். ரெண்டு பக்கமும் ஒரே அளவில் பொன்னிறம் என்றால் அது சாதாரணம், விட்டுவிடலாம்.

கிரீஸ்கன்:
எல்லாரும் எடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். பாதுகாப்பதைச் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும்.

மெழுகால் துளையை அடைக்கச் சொன்னார் டூல்பாக்ஸ். ஹேண்டில்பாருக்கும் மட்கார்டுக்கும் அது சரி. சைலன்சருக்குச் சரிவராது. பாலிஷ்களில் சேரும் தாவர மெழுகான கர்னாபா 82 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே உருகும், என்ஜின் பக்கத்துப் பைப் அதைவிடப் பல மடங்கு சூடாகும். மெழுகு கருகி மஞ்சள் படலமாகி, அதைத் தேய்த்து எடுப்பது தனி வேலை. பைப்பை ஆறிய பிறகு கழுவி, ஈரமில்லாமல் துடைத்தால் போதும். கைரேகை, எண்ணெய்த் திவலை எதுவும் மிச்சமில்லாமல் ஸ்டார்ட் பண்ணுங்கள், இல்லாவிட்டால் ரேகை அப்படியே சுட்டுப் பதிந்துவிடும். சைலன்சர் அடியில் சின்ன ஓட்டை இருந்தால் அடைக்காதீர்கள், உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்காக வைத்தது. குறுகிய தூரமே ஓடும் வண்டியில் சைலன்சர் உள்ளிருந்துதான் அரிக்கும், வெளியே என்ன பூசினாலும் நிற்காது.

மட்கார்டும் அப்படித்தான். மேல்பக்கம் கண்ணாடி, உள்பக்கம் கைவிட்டால் சேறு. சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் உள்பக்கத்தைச் சுரண்டிக் கழுவி, காயவைத்து, துருவுள்ள இடத்தில் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவை அரிக்காத படலமாக மாற்றும் திரவம்) பூசி, அதன் மேல் ப்ரைமரும் பெயின்ட்டும் அடியுங்கள். கன்வெர்ட்டர் சொட்டு மேல்பக்கம் வழிந்தால் உடனே துடைக்கணும்.

தண்ணீர் காய்ந்த வெள்ளைப் புள்ளிக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி, ஒரு நிமிடம், பிறகு நிறையத் தண்ணீர். கடலோரத்தில் ஓடும் வண்டி என்றால் உப்பை முதலில் வெறும் தண்ணீரில் கரைத்து விடுங்கள், துணி பிறகுதான்.

கிக்ஸ்டார்ட்:
நன்றி. ஹெட்லைட் வளையத்துக்கும் அலுமினியத் தாள்தானா?

டூல்பாக்ஸ்:
முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, தாள் போடலாம். ஒட்டாவிட்டால் நகத்தால் தட்டுங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் பிளாஸ்டிக். அதற்குத் தாளும் வேண்டாம், தின்னரும் வேண்டாம், சோப்புத் தண்ணீர் மட்டும். உலோகச் சத்தம் வந்தால் மெட்டல் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கழுவிய பிறகும் துணி கறுத்துக்கொண்டே இருந்தால் அது குரோமே இல்லை, பாலிஷ் செய்த அலுமினியம்.