கிரைண்டர் வீல் மாற்றும் செய்முறையை மாணவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது எப்படி?

கேள்வி (ஐடிஐ பயிற்றுநர்):
வேலையை நன்றாகச் செய்யும் மாணவர்கள்கூட, அதை எழுதச் சொன்னால் தடுமாறுகிறார்கள். பெஞ்ச் கிரைண்டர் (இரு பக்கமும் சாணைக்கல் வீல் சுழலும் மெஷின்) பற்றி ஒரு மாணவர் எழுதியது: "பழைய வீல் அகற்றப்பட்டு, புதிய வீல் சரியான முறையில் பொருத்தப்பட்டு, நட் போதுமான அளவு இறுக்கப்பட வேண்டும். அதற்கு முன் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும்." எங்கிருந்து திருத்துவது?

பதில் 1 (பராமரிப்புப் பிரிவு):
வரிசையிலிருந்து, சார். மெஷின் முன்னால் நிற்பவர் ஒரு வரி படிப்பார், ஒரு வேலை செய்வார். மின்சாரம் பற்றிய வரி வரும்போது அவர் கை நட்டில் இருக்கும். "சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கவும்" என்பதே முதல் வரி.

அடுத்து, "சரியான முறையில்" என்பதை அடித்துவிட்டு, அப்படியென்றால் என்னென்ன என்று கேளுங்கள். முழு வேலையும் அதற்குள்தான் கிடக்கிறது. வீலில் அச்சிட்ட ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை சுற்று என்பது), மெஷினின் ஆர்பிஎம்முக்குக் குறையக் கூடாது. வீலை விரலில் தொங்கவிட்டு ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மெதுவாகத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஒலி மந்தமாக இருந்தால் விரிசல், மாட்டக் கூடாது. டூல் ரெஸ்ட்டுக்கும் (தீட்டும் பொருளைத் தாங்கும் தட்டு) வீலுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, போனால் பொருள் உள்ளே இழுபட்டுச் சிக்கும். இவை ஒவ்வொன்றும் தனி வரி.

பதில் 2 (மெஷினிஸ்ட்):
"நட்டைக் கழற்றவும்" என்பதும் போதாது. இடது பக்க நட்டுக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த் திசையில் இறுகும். புதியவர் வழக்கம்போலச் சுழற்றி இன்னும் இறுக்கிவிடுவார். "இடது நட்டை நேர் எதிரே பார்த்தபடி, கடிகாரத் திசையில் சுழற்றிக் கழற்றவும்" என்று எழுத வேண்டும். பார்க்கும் பக்கத்தைச் சொல்லாமல் திசையை மட்டும் சொன்னால் பயனில்லை. கைப்பழக்கமாகிவிட்ட விஷயம்தான் எழுதும்போது விடுபடும்.

பதில் 3 (கையேடு எழுதுபவர்):
அதைப் பிடிக்க ஒரு வழி: வெல்டர் பிரிவு மாணவர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, பிளக் பிடுங்கிய மெஷினில் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. படிப்பவர் நிற்கும் இடத்தையெல்லாம் தாளில் குறிக்க வேண்டும். திருத்த வேண்டியவை அவைதான்.

"அகற்றப்பட்டு" போன்றவற்றுக்காக ரொம்பக் கடிந்துகொள்ள வேண்டாம். "வீல் மாற்றப்பட்டது" என்பது பராமரிப்புப் பதிவேட்டில் சரியே. செய்முறையில்தான் "அகற்றவும்" வேண்டும்.

கேட்டவர்:
எல்லா வரிக்கும் காரணம் எழுதணுமா?

பதில் 3:
வேண்டாம். ஆட்கள் தவிர்க்க நினைக்கும் வரிக்கு மட்டும் போதும்: "ஓட்டியதும் ஒரு நிமிடம் பக்கவாட்டில் நிற்கவும், பழுதான வீல் அப்போது உடைந்து தெறிக்கலாம்."