ஓய்வு நாளோடு முடியும் கம்பெனி மெடிக்கிளெய்ம்: மாற்றிக்கொள்வதா, முன்பே தனியாக எடுப்பதா?

கணக்குப்பிள்ளை
ஒரு கேஸ் வைக்கிறேன். தனியார் கம்பெனி, 58-ல் ஓய்வு. குரூப் மெடிக்கிளெய்ம் 5 லட்சம், கணவன் மனைவி இருவருக்கும். அவருக்குச் சர்க்கரை, மனைவிக்கு பிரஷர். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். சொந்தப் பாலிசி ஏதும் இல்லை.

என் கட்சி இது: அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் குரூப்பிலிருந்து தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மைக்ரேஷன் என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்பு வைக்கலாம். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று வகையறாவுக்குப் பெரும்பாலும் 24 மாதம். மாற்றிக்கொண்டால் குரூப்பில் தொடர்ச்சியாக இருந்த காலம் இதில் கழியும். அறுபதை நெருங்குகிற சர்க்கரைக்காரருக்கு அந்த மூன்று வருடத்தைவிடப் பெரிய சலுகை எது?

மாமரத்தடி
சார், நீங்கள் சொல்லும் உரிமை விண்ணப்பம் போடும் உரிமைதான். வாங்கிய விண்ணப்பத்துக்குப் பாலிசி கொடுத்தே தீர வேண்டும் என்று எங்கும் இல்லை. குரூப்பில் சேர்ந்தபோது யாரும் அவரிடம் புரொபோசல் ஃபார்ம் கேட்கவில்லை. எச்.ஆர். பட்டியலில் பெயர் ஏறியது, அட்டை வந்தது, முதல் நாளே சர்க்கரைக்கும் கவரேஜ். மாற்றும்போதுதான் முதல்முறையாக உடம்பைப் பற்றி எழுதிக் கொடுக்கிறார். பரிசோதனைக்கு அனுப்பலாம், லோடிங் என்று பிரீமியத்தைக் கூட்டிப் போடலாம், மறுக்கவும் செய்யலாம். அந்த மறுப்பு கையில் கிடைக்கும்போது குரூப் அட்டை செத்துப் போயிருந்தால் என்ன செய்வார்?

எட்டு மாதம் கையில் இருக்கும்போதே வெளியே ஒரு தனிப் பாலிசிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேலையில் இருப்பவர் சொந்தப் பாலிசி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் ஏதும் கிடையாது. காத்திருப்புக் காலம் குரூப் நிழலிலேயே ஓட ஆரம்பிக்கும். உண்மையில் இதை 50 வயதில் செய்திருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை
எட்டு மாதத்தில் 36 மாதம் எப்படி ஓடும்? மீதி 28 மாதம் வெறும் கையா? அதற்குத்தானே மாற்றச் சொல்கிறேன்.

ஃபைல்மணி
இரண்டு பேரும் தேதியைச் சரியாகப் பார்க்கவில்லை. பல கம்பெனிகளில் குரூப் கவரேஜ் பாலிசி ஆண்டு முடியும்வரை நீளாது. கடைசி வேலை நாளோடு பெயரை நீக்கிவிடுவார்கள். மார்ச் வரை பாலிசி இருக்கிறது என்று நம்பி, ஜூலையில் ஓய்வு பெற்று, செப்டம்பரில் அட்டையை நீட்டினால் டிபிஏ (நிறுவனத்துக்காக கிளெய்மைக் கவனிக்கும் இடைநிலை அமைப்பு) கையை விரிக்கும். முதல் வேலை, கவரேஜ் முடியும் தேதியை எச்.ஆரிடம் மின்னஞ்சலில் எழுதி வாங்குவது. மாற்று விண்ணப்பம் அந்தத் தேதிக்கு 30 நாள் முன்பாவது போய்ச் சேர வேண்டும். பரிசோதனைக்கும் பதிலுக்கும் நேரம் பிடிக்கும் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது.

அடுத்தது, இன்ஷூரன்ஸ் நிறுவனம். டெண்டர் விட்டுக் கம்பெனிகள் அதை அடிக்கடி மாற்றும். இப்போதைய நிறுவனத்தின் கணக்கில் அவர் ஒரே ஒரு வருட வாடிக்கையாளராகத் தெரியலாம். ஆகவே ஆண்டுவாரியாகப் பாலிசி எண், நிறுவனத்தின் பெயர், கவரேஜ் தொகை, கணவன் மனைவி பெயர், இடைவெளி இல்லை என்ற ஒரு வரி, இவ்வளவும் கொண்ட கடிதம் வேண்டும். டிபிஏ அட்டையின் நகல் இதற்குச் சாட்சியாகாது. ஓய்வு பெற்றபின் இந்தக் கடிதத்துக்கு அலைவது பி.எஃப். பணத்துக்கு அலைவதைவிடக் கொடுமை.

மாமரத்தடி
அதோடு ஒன்று. காத்திருப்பில் கழிவது பழைய 5 லட்சத்துக்கு மட்டும்தான். மாற்றும்போது 10 லட்சமாக உயர்த்தினால் கூடுதல் 5 லட்சத்துக்குக் காத்திருப்பு முதலிலிருந்து. இதைச் சொல்லாமல் விற்கிறார்கள்.

வரவுசெலவு
இவ்வளவு மல்லுக்கட்டு எதற்கு? தம்பதிக்கு ஆண்டு பிரீமியம் 60,000 என்று வைப்போம். இருவருக்கும் சேர்த்த ஃப்ளோட்டர் பாலிசியில் மூத்தவர் வயதை வைத்துத்தான் கணக்கு, அதனால் இந்தத் தொகை ஒன்றும் மிகையில்லை. வருடம் 10 சதவீதம் ஏறினால் 15 வருடத்தில் கட்டியது 19 லட்சம். அந்தப் பணத்தை வைப்பில் போட்டால் அசலும் வட்டியும் நம்முடையவை. பில்லில் ஒரு பங்கை நாமே கட்டும் கோ-பே இல்லை, நிராகரிப்பு இல்லை.

கணக்குப்பிள்ளை
கணக்கு சரி, வரிசை தவறு. 19 லட்சம் பதினைந்தாம் வருடக் கடைசியில்தான் சேரும். பைபாஸ் முதல் வருடமே வந்தால் உங்கள் பெட்டியில் 60,000 இருக்கும்.

வரவுசெலவு
பணிக்கொடையிலிருந்து மொத்தமாக ஒதுக்கலாமே. வருடம் 10 சதவீதமென்றால் ஏழு வருடத்தில் பிரீமியம் ஏறக்குறைய இரட்டிப்பு. மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றும் முன் தன்னிடம் கலந்து பேச வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2025 ஜனவரியில் சொன்னது. 10 வரை ஏற்ற அந்தத் தடைகூட இல்லை.

மாமரத்தடி
மொத்தமாக ஒதுக்க முடிந்தவருக்கு உங்கள் யோசனையில் பாதி சரி. முதல் 5 லட்சத்தைக் கையில் வைக்கட்டும். அதற்கு மேல் 5 லட்சம் டிடக்டிபிள் (பாலிசி தரத் தொடங்கும் முன் வெளியே கட்ட வேண்டிய தொகை) உள்ள சூப்பர் டாப்-அப், 20 லட்சத்துக்கு. அடியில் வேறு பாலிசி இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை, அந்த 5 லட்சத்தை யார் கட்டினாலும் சரி. இப்போது குரூப் கட்டும், ஓய்வுக்குப் பின் வைப்பு கட்டும். முழுப் பாலிசியைவிடப் பிரீமியம் நன்றாகவே குறையும்.

வாங்கும்போது வெறும் டாப்-அப் என்று இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரே வருடத்தில் 4 லட்சத்துக்கு ஒரு அட்மிஷன், 3 லட்சத்துக்கு இன்னொன்று என்றால், சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 7 லட்சமாக்கி 2 லட்சம் தரும். டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்க்கும். இரண்டுமே ஐந்தைத் தாண்டவில்லை, ஒரு பைசா வராது.

கணக்குப்பிள்ளை
இதை ஏற்கிறேன். சூப்பர் டாப்-அப்பை இன்றைக்கே எடுக்கலாம். ஆனால் சர்க்கரைக்கு அதிலும் காத்திருப்பு உண்டு. ஆகவே கீழே உள்ள 5 லட்சத்துக்குக் குரூப்பிலிருந்து மாற்றிய பாலிசி என்ற என் கட்சி இன்னும் நிற்கிறது.

பேராவூரணிக்காரன்
நிற்கட்டும், ஆனால் மாற்றிக் கொடுக்கும் பாலிசி குரூப்பின் நகல் இல்லை. குரூப்பில் ரூம் வாடகை வரம்பு இல்லாமல் இருந்திருக்கலாம். இதில் நாளுக்குக் கவரேஜில் 1 சதவீதம் என்று இருந்தால் 5 லட்சத்துக்கு 5,000. 8,000 ரூபாய் ரூமில் படுத்தால் வெறும் 3,000 வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். சர்ஜன், நர்சிங், தியேட்டர் கட்டணம் எல்லாம் எட்டுக்கு ஐந்து என்ற விகிதத்தில் வெட்டப்படும். அவை 2 லட்சம் என்றால் கிடைப்பது 1,25,000. மொத்த பில்லும் அப்படியே வெட்டுப்படும்.

ஃபைல்மணி
கடைசி வாக்கியம் தவறு தோழர். மருந்து, பொருத்தும் உபகரணங்கள், பரிசோதனைக் கட்டணம், இவற்றில் விகித வெட்டு போடக் கூடாது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. டிபிஏ போட்டிருந்தால் வரிவரியாகப் பிரித்து மறு ஆய்வு கேளுங்கள். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் புகாரை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன், கட்டணம் கிடையாது.

மாமரத்தடி
மைக்ரேஷன் மறுக்கப்பட்டால் ஆரோக்ய சஞ்சீவனி என்ற பாலிசிக்காவது வேறு நிறுவனத்தில் முயலலாம். 5 சதவீதம் கோ-பே, ரூமுக்கு நாளுக்கு அதிகபட்சம் 5,000, கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 40,000 வரம்பு. எளிய பாலிசி, எல்லா இடத்திலும் ஒரே வாசகம். வயதாகிவிட்டது என்று தட்டிக் கழிக்க 2024-க்குப் பின் இடமில்லை. ஆனால் வயதுக்குக் கதவு திறந்ததால் நோய்க்கும் திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

வரவுசெலவு
70 வயதானால் ஆயுஷ்மான் அட்டை இருக்கிறதே, வருமான வரம்பே இல்லாமல் 5 லட்சம்.

கணக்குப்பிள்ளை
58-க்கும் 70-க்கும் நடுவே பன்னிரண்டு வருடம் இருக்கிறது சார். திட்டத்தில் இணைந்த ஆஸ்பத்திரிகளில் மட்டும்தான் செல்லும் என்பதும் நினைவிருக்கட்டும். தனியார் பாலிசி வைத்திருப்பவரும் அதை வாங்கலாம் என்பதால் இரண்டுக்கும் பகை இல்லை.

பேராவூரணிக்காரன்
சிறு ஆலைத் தொழிலாளிகளை மறந்துவிட்டீர்கள். ஐந்து வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முடிந்து ஓய்வு பெற்றால் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். 120-தான், பூஜ்யம் ஏதும் விட்டுப்போகவில்லை.

இன்னொன்று, ஓய்வு பெற்றோர் சங்கங்கள் நடத்தும் குரூப் பாலிசி. தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. குரூப்புக்கு 18 சதவீதம் உண்டு. 40,000 பிரீமியத்துக்கு 7,200 வரி மட்டும்.

புதுவரவு
ஏஜென்ட் சர்க்கரையை ஃபார்மில் எழுத வேண்டாம், ஐந்து வருடம் ஓட்டினால் கேட்க முடியாது என்கிறாரே?

மாமரத்தடி
60 மாதத் தொடர்ச்சிக்குப் பின், தகவல் சொல்லவில்லை என்று கிளெய்மை மறுக்க முடியாது என்பது உண்மை. மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பு போச்சு. மாற்றுக் கேஸிலோ இன்னும் அசட்டுத்தனம்: குரூப்பில் கிளெய்ம் செய்திருந்தால் சர்க்கரை என்று எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி அதே நிறுவனத்திடமே இருக்கிறது. எழுதுங்கள். எப்போதிலிருந்து, எந்த மாத்திரை, கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி) எவ்வளவு என்றும் எழுதுங்கள்.

புதுவரவு
பாலிசி வந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் 30 நாளில் திருப்பிக் கொடுக்கலாம்தானே?

ஃபைல்மணி
புதிதாக எடுத்ததைக் கொடுக்கலாம். மாற்றி வாங்கியதற்கு ஃப்ரீ லுக் என்ற இந்தச் சலுகை பொருந்தாது என்றே பாலிசி வாசகங்களில் இருக்கும். அதனால் பணம் கட்டும் முன்பே பாலிசி வாசகத்தை வாங்கிப் படியுங்கள். ஆவணம் வந்த அன்றே முதலில் கவரேஜ் தொடங்கிய தேதி என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே குரூப்பின் பழைய தேதிக்குப் பதில் இன்றைய தேதி அச்சாகியிருந்தால், எச்.ஆர். கடிதத்தை இணைத்துத் திருத்தம் கேட்டு அன்றே மின்னஞ்சல் போடுங்கள். கிளெய்ம் வந்தபிறகு கேட்டால் யாரும் திருத்தித் தர மாட்டார்கள்.