பழைய பிக்கப்: முன்பக்கம் டொக் டொக் சத்தம், ஸ்டியரிங்கிலும் ஆட்டம் – எங்கிருந்து ஆரம்பிப்பது?

மலைப்பாதை:
பழைய டூ வீல் டிரைவ் பிக்கப். முன்னால் சக்கரத்தைத் தாங்கும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுகி எடை தாங்கும் டார்ஷன் பார். ரேக் (பல் வைத்த நேர் தண்டு) கிடையாது, ஸ்டியரிங் பாக்ஸ், அது ஆட்டும் பிட்மேன் ஆர்ம், அதோடு சேர்ந்து நகரும் குறுக்குத் தண்டான சென்டர் லிங்க், அதன் மறுபக்கத்தைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம் எல்லாம் உள்ள செட். பவர் ஸ்டியரிங் உண்டு.

சின்ன மேடு பள்ளத்தில் இடதுபக்கம் டொக் டொக். பிரேக் பிடித்தால் ஒரே ஒரு 'டங்'. நேர் ரோட்டில் ஸ்டியரிங்கை இரண்டு விரற்கடை திருப்பும்வரை வண்டிக்கு உறைக்கவே இல்லை. ஷாக் அப்சார்பர் இரண்டும் புதுசு. பாக்ஸ் மேல் இருக்கும் ஸ்க்ரூவை டைட் வைத்தால் போதும் என்கிறார்கள். வைக்கலாமா?

திருகாணி:
அந்த ஸ்க்ரூவை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஆட்டம் பாக்ஸுக்கு வெளியே இருந்தால், ஸ்க்ரூவை இறுக்கி நல்ல பாக்ஸையும் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம்.

இரண்டு பேர் வேண்டும். வண்டி தரையில், சக்கரம் நேராக, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முட்டு, என்ஜின் ஓடட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக, விடாமல் ஆட்ட வேண்டும். சக்கரம் திரும்பும் அளவுக்கு வேண்டாம், கனம் தட்டும் இடம்வரை போதும். இன்னொருவர் கீழே படுத்து, அசைவு எந்த இடத்தில் செத்துப்போகிறது என்று மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும்.

ஸ்டியரிங் ஷாஃப்ட் திரும்பி, ரப்பர் கப்ளிங்குக்கு அப்புறம் பாக்ஸுக்குள் போகும் தண்டு தாமதமாகத் திரும்பினால் கப்ளிங் போயிற்று. அந்தத் தண்டு திரும்பியும் பிட்மேன் ஆர்ம் சும்மா நின்றால்தான் குற்றம் பாக்ஸினுடையது. பிட்மேன் ஆர்ம் அசைகிறது, சென்டர் லிங்க் தாமதமாக அசைகிறது என்றால் நடுவில் உள்ள ஜாயின்ட். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் இரண்டு பாகத்தையும் சேர்த்து விரலால் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத லூசு கைக்குத் தெரியும். பாக்ஸையும் சேஸிஸையும் சேர்த்து ஒருமுறை பிடியுங்கள். போல்ட் தளர்ந்தோ, சேஸிஸில் விரிசல் விழுந்தோ பாக்ஸே அசைவதைப் பலர் கவனிப்பதில்லை.

உங்கள் செட்டில் எனக்கு முதல் சந்தேகம் ஐட்லர் ஆர்ம் மேல்தான். அதன் லிங்க் முனையைக் கையால் மேலும் கீழும் தள்ளுங்கள். சுமார் 10 கிலோ அழுத்தத்துக்கு 3 மி.மீ.-க்கு மேல் ஏறி இறங்கினால் மாற்றிவிடலாம். அது ஏறி இறங்கும்போது சக்கரத்தின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) தானாக மாறிக்கொண்டே இருக்கும். வண்டி அலைவது அதனால்தான்.

ஒரு விஷயம்: சோதனை முடியும்வரை கிரீஸ் அடிக்க வேண்டாம். புது கிரீஸ் சத்தத்தையும் ஆட்டத்தையும் சில நாள் மூடி மறைத்துவிடும்.

கிரீஸ்கை:
ஸ்டியரிங் பற்றி மேலே சொல்லியாயிற்று. சத்தத்துக்கு வருகிறேன்.

சின்ன மேட்டில் மட்டும் டொக் டொக் என்றால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க், அதாவது வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் பாரின் முனையில் உள்ள சின்ன இணைப்பு. இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, பாரை எதிலும் இடிக்காமல் கட்டிவிட்டு, அதே ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் லிங்க், அல்லது பாரின் புஷ் (ரப்பர் உறை). வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும், வேகம் வேண்டாம். ஷாக் புதுசு என்பதால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். மேல் நட்டு முழுசாக இறங்கவில்லை என்றாலும் இதே சத்தம்தான்.

அடுத்து பால் ஜாயின்ட், ஆர்மின் நுனியைச் சக்கரத்தோடு சேர்க்கும் குண்டு மூட்டு. இங்கேதான் நிறையப் பேர் ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டு "ஆட்டமே இல்லையே" என்பார்கள். டார்ஷன் பார் எந்த ஆர்மில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். கீழ் ஆர்ம் என்றால், அதே ஆர்மின் அடியில், பால் ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில் ஜாக்கி. மேல் ஆர்ம் என்றால் சேஸிஸில் தூக்குங்கள். காரணம், எடை சுமக்கும் ஜாயின்ட் அழுத்தத்திலேயே இருந்தால் தேய்ந்திருந்தாலும் ஆடாது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள்.

டயரைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, அடியில் நீளமான கம்பியைக் கொடுத்து நெம்புங்கள். ஜாயின்ட் மேலும் கீழும் எவ்வளவு போகிறது என்று மேனுவல் அளவோடு ஒப்பிட வேண்டும். பிறகு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது ஆர்ம் புஷ். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் வருவது பெரும்பாலும் டை ராட் எண்ட், சென்டர் லிங்க்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டின் முனை ஜாயின்ட்.

பிரேக்கில் வரும் 'டங்'குக்கு: கீழ் ஆர்மிலிருந்து சேஸிஸுக்கு ஒரு டென்ஷன் ராடு போகிறதா? அதன் முனையில் உள்ள ரப்பர் கிழிந்தால், பிரேக் பிடிக்கும் கணத்தில் சக்கரமே கொஞ்சம் பின்னால் போய் இரும்போடு இரும்பு மோதும். கேஸ்டரும் (பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) சேர்ந்து மாறும். சத்தமும் அலைச்சலும் ஒரே ரப்பரிலிருந்து வரலாம்.

மலைப்பாதை:
பார்த்தாயிற்று. ஐட்லர் ஆர்ம் நன்றாக ஏறி இறங்குகிறது. இடது டென்ஷன் ராடு ரப்பர் பாதி காணோம். லிங்க் கழற்றியதும் டொக் டொக் நின்றுவிட்டது. இடது சக்கரத்தில் லேசாக ஆட்டம், பிரேக் மிதித்தால் நிற்கிறது. பிட்மேன் ஆர்ம் தாமதிக்கவில்லை. மாற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கிரீஸ்கை:
ரப்பரும் லிங்க்கும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். டென்ஷன் ராட்டின் சேஸிஸ் பக்கம் இரண்டு நட்டு இருந்தால், உள்பக்க நட்டு நிற்கும் இடத்தைக் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். கேஸ்டரை நிர்ணயிப்பது அதுதான். கப் வாஷர் திரும்பிப்போகக் கூடாது. ஆர்ம் புஷ்ஷையும் மாற்ற நேர்ந்தால் அதன் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்காதீர்கள். வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும்.

பேரிங்: கழற்றிக் கழுவி, உருளையில் குழியோ நீலம் பாய்ந்த நிறமோ இல்லை என்றால் புது கிரீஸ், புது சீல். ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி உட்கார வையுங்கள், பிறகு முழுசாகத் தளர்த்தி, விரலால் முடிந்தவரை மட்டும் திருகி, நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னைப் புதுசாகப் போடுங்கள். டேப்பர் (கூம்பு உருளை) பேரிங்குக்கு இம்மியளவு ஆட்டம் வேண்டும், பொதுவாக 0.03 முதல் 0.12 மி.மீ. அறவே ஆடக்கூடாது என்று இறுக்கினால் சூடேறிப் பிடித்துவிடும்.

திருகாணி:
ஐட்லர் ஆர்ம் ஜாயின்ட்டைக் கழற்ற, நட்டை நாலு இழை விட்டுவிட்டு, டேப்பர் (ஜாயின்ட்டின் கூம்புத் தண்டு) உட்காரும் காதின் பக்கவாட்டில் சுத்தியால் ஓங்கி ஒரு தட்டு; எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியல் தாங்கட்டும். கவட்டை உளியை அடித்து ஏற்றினால் பூட் (ஜாயின்ட்டின் ரப்பர் உறை) கிழியும், சென்டர் லிங்க்கைத் திரும்பப் போட முடியாது. மாட்டும்போது பின் ஓட்டை சேரவில்லை என்றால் நட்டை அடுத்த ஓட்டைக்கு இறுக்குங்கள், தளர்த்தாதீர்கள்.

எல்லாம் முடிந்து அலைன்மென்ட்டும் பார்த்த பிறகு ஸ்டியரிங் விளிம்பில் ஆட்டத்தை அளந்து பாருங்கள். பல பழைய பிக்கப்களுக்கு 30 மி.மீ. உச்ச வரம்பு. அதற்கு மேல் இருந்து, பாக்ஸும் காரணம் என்று உறுதியானால் மட்டும் ஸ்க்ரூ. சக்கரம் நேராக இருக்கும்போதுதான், லாக் நட்டைத் தளர்த்தி, ஒரு தடவைக்கு 1/8 சுற்று. பாக்ஸின் பல் நடுவில்தான் நெருக்கமாக இருக்கும். திருப்பி வைத்துக்கொண்டு இறுக்கினால் நடுவுக்கு வரும்போது கடிக்கும். வளைவில் திருப்பி விட்டதும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை என்றால் இறுக்கம் கூடிவிட்டது, உடனே பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.