காரில் ஈப்போ திருமணத்திற்கு: வருகை விசாவில் இருக்கும் அம்மாவையும் அழைத்துச் செல்லலாமா?

ஜூரோங்வாசி:

அனைவருக்கும் வணக்கம். கப்பல் பட்டறையில் என்னோடு எட்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊர் திரும்பிய மலேசிய நண்பருக்கு, வரும் ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி முகூர்த்தத்தில் ஈப்போவில் திருமணம். குடும்பத்தோடு வந்தே ஆக வேண்டும் என்று அவர் நேரில் வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போனதால், சொந்தக் காரிலேயே போய்விடலாம் என்று முடிவெடுத்தோம். நானும் மனைவியும் இந்தியக் குடியுரிமை கொண்ட சிங்கப்பூர் நிரந்தரவாசிகள். ஆறு வயதிலும் இரண்டு வயதிலும் இரு பிள்ளைகள். கும்பகோணத்திலிருந்து வருகை விசாவில் வந்து எங்களோடு தங்கியிருக்கும் என் அம்மாவும் உடன் வருகிறார். ஜொகூர் பாருவைத் தாண்டி நான் இதுவரை கார் ஓட்டியதில்லை. வெள்ளி இரவே கிளம்புவதா, சனி விடியற்காலையில் கிளம்புவதா, சோதனைச்சாவடியில் எவற்றைக் கவனிக்க வேண்டும், அம்மாவின் விசாவால் ஏதும் சிக்கல் வருமா என்பவற்றை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

துவாஸ் வழிப்போக்கன்:

பெட்ரோலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் அடிபட்ட இடம் அதுதான். சிங்கப்பூரில் பதிவான கார் தரைவழியாக வெளியேறும்போது கலத்தில் முக்கால் பங்காவது எரிபொருள் இருக்க வேண்டும். 1989இல் அரைக் கலமாகத் தொடங்கிய விதி, 1991இல் முக்காலாக உயர்த்தப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மைத்துனரின் நிச்சயதார்த்தத்திற்குப் போகும்போது, வீட்டில் பார்த்தபோது முள் முக்காலுக்கு மேலேதான் இருந்தது. உட்லண்ட்ஸ் வரிசையில் குளிர்சாதனத்தை ஓடவிட்டு ஒன்றரை மணி நேரம் ஊர்ந்த பிறகு, கைவிளக்கை மானியின் மேல் அடித்துப் பார்த்த அதிகாரி தலையை மட்டும் ஆட்டினார்; முள் கோட்டுக்கு ஒரு நூல் கீழே இறங்கியிருந்தது. அபராதம் 500 வெள்ளி வரை விதிக்கலாம் என்றாலும் எச்சரித்துத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் நிரப்பி, மறுபடியும் வரிசையில் நின்று, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தட்டு மாற்றி முடிந்திருந்தது. முழுக் கலமாக நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

நீங்கள் ஜூரோங்கில் இருப்பதால் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தை மறந்துவிட்டு, 1998இல் திறந்த துவாஸ் இரண்டாவது இணைப்பிலேயே போகலாம். அந்த வழி செனாய் அருகே வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சேர்ந்துவிடும். வெள்ளி மாலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை எந்தப் பக்கமும் போகாதீர்கள். சனி விடியற்காலை நான்கு மணிக்குச் சாவடியில் இருப்பது போலக் கிளம்பினால், பிள்ளைகள் தூக்கத்திலேயே எல்லையைக் கடந்துவிடுவார்கள். ஏறத்தாழ 550 கிலோமீட்டர். குழந்தைகளை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள்.

உட்லண்ட்ஸ் தம்பி:

அண்ணன் சொல்ல மறந்த ஒன்று: மலேசியாவின் வி.இ.பி. எனப்படும் வாகன நுழைவு அனுமதி. 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள். அதைக் கட்டாமல் நாட்டை விட்டு வெளியேறவும் முடியாது. விண்ணப்பித்து, வில்லை வந்து, அதைக் காரில் ஒட்டி, இயக்கத்திற்குக் கொண்டுவருவதற்கு நாள் பிடிக்கலாம் என்பதால் இன்றே தொடங்குங்கள். நுழையும் ஒவ்வொரு முறையும் சாலைக் கட்டணமாக 20 ரிங்கிட் தனியாகக் கழியும்.

சிராங்கூன் அக்கா:

காரை விடுங்கள், தம்பி. உங்கள் பயணத்தில் உண்மையில் யோசிக்க வேண்டியது அம்மாவின் விஷயம்தான். மலேசியா போவதில் அவருக்குத் தடை இல்லை. இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு 2026 இறுதி வரை உண்டு. கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், அவ்வளவே. சிக்கல் திரும்பி வருவதில்தான் இருக்கிறது. முதலில் அவருடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா, அது திங்கட்கிழமைக்குப் பிறகும் செல்லுமா என்று பாருங்கள். அது சரியாக இருந்தாலும் இன்னொன்று உண்டு: இப்போது அவர் கையில் இருக்கும் தங்கும் அனுமதி, எல்லையைக் கடந்த அந்த நிமிடத்தோடு முடிந்துவிடும். திரும்பும்போது எத்தனை நாள் தருவது என்பதைச் சாவடியில் உள்ள அதிகாரி புதிதாகத்தான் முடிவு செய்வார். என் மாமியாரை இப்படித்தான் மலாக்காவுக்கு அழைத்துப் போனோம். போகும்போது இருபத்திரண்டு நாள் மீதமிருந்தது, திரும்பியபோது பதினான்கு நாள்தான் கிடைத்தது. ஊர் திரும்பும் விமானச் சீட்டை முன்னதாகவே மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே அம்மாவின் திரும்பும் விமானச் சீட்டை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஊருக்குப் போகும் நாள் தள்ளி இருக்குமானால், அழைத்துப் போவதா என்பதை அவரிடமே கேட்டு முடிவெடுங்கள்.

திரும்புவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் அவருக்குச் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். நிரந்தரவாசிகளான உங்களுக்குத் தரைவழியில் அது தேவையில்லை. ஆனால் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை உங்கள் ஐவருக்கும் வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களான நண்பர்கள் அதெல்லாம் தேவையில்லை என்று சொல்வார்கள், அது அவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். உங்களுடைய மறுநுழைவு அனுமதி காலாவதியாகவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புந்தோங் பேத்தி:

நான் பிறந்து வளர்ந்தது ஈப்போ, வாக்கப்பட்டது சிங்கப்பூர் என்பதால் இந்த வழியில் எத்தனை முறை போனேன் என்று எண்ணியதில்லை. சாலை மிக நல்ல சாலை, அதனாலேயே வேகம் கூடிவிடும். 110க்கு மேல் போகாதீர்கள், கேமராக்கள் உண்டு. சுங்கச்சாவடிகளில் ரொக்கம் வாங்குவதில்லை. அதற்கான டச் என் கோ எனும் முன்பண அட்டையில் 150 ரிங்கிட்டாவது போட்டுக்கொண்டு, நுழையும் இடத்தில் தட்டிய அதே அட்டையையே வெளியேறும் இடத்திலும் தட்டுங்கள். அட்டை மாறினால் பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்தே உங்களை அழ வைத்துவிடுவார்கள். கோலாலம்பூருக்குள் நுழையத் தேவையில்லை. நீலாய் தாண்டியதும் ஷா ஆலாம் வழியாகப் பிரியும் எலீட் நெடுஞ்சாலையைப் பிடித்தால் நகரத்தைச் சுற்றிக்கொண்டு மீண்டும் வடக்கு நோக்கிய சாலையில் சேரலாம். அந்தப் பிரிவைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் போயிற்று.

ஆயர் குரோ ஓய்விடத்தில் காலைச் சிற்றுண்டியை வைத்துக்கொள்ளலாம். அம்மா சைவம் என்றால் இட்லியும் தயிர்ச் சாதமும் கட்டி எடுத்துக்கொள்வதே நிம்மதி. ஓய்விடக் கடைகளில் சைவம் என்று கேட்டு வாங்கும் சம்பாலிலும் நெத்திலி இருக்கும். பெட்ரோல் நிரப்பும்போது மஞ்சள் குழாயைத் தொடாதீர்கள், அது ரோன் 95 எனும் மானிய விலைப் பெட்ரோல். வெளிநாட்டுக் கார்களுக்கு 2010 முதலே தடை. ரோன் 97தான் உங்களுக்கு. குழந்தை இருக்கையும் அங்கே 2020 முதல் கட்டாயம்.

திரும்பும் நாளைப் பற்றி யாருமே பேசவில்லையே! ஆகஸ்ட் 31 மலேசியாவின் தேசிய நாள். அன்று திங்கட்கிழமை என்பதால் அங்கே மூன்று நாள் விடுமுறை. திங்கள் மதியத்திற்கு மேல் ஈப்போவிலிருந்து தெற்கே போகும் சாலை முழுவதும் ஊர் திரும்புகிறவர்களின் கார்களாகவே இருக்கும். விடியுமுன் கிளம்புங்கள், முடிந்தால் செவ்வாய்க்கும் சேர்த்து விடுப்பு எடுத்துவிடுங்கள். அப்படி எடுத்தால், திங்கள் காலை அம்மாவைக் குனோங் சீரோவில் உள்ள கல்லுமலை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போய்விட்டு, புந்தோங்கில் கச்சாங் பூத்தே எனும் கடலை, முறுக்கு வகைகளை வாங்கிக்கொண்டு வரலாம். கடைக்காரர் தாளில் கொஞ்சம் கொட்டிச் சுவை பார்க்கச் சொல்வார். எங்கள் பக்கத்து முறுக்கும் கடலையும் கும்பகோணத்துக்காரருக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். அன்பளிப்பை ரிங்கிட்டாக மாற்றி உறையில் போட்டுப் பெயரெழுதி வைத்துவிடுங்கள். மண்டப வாசலில் நின்றுகொண்டு நோட்டு மாற்ற வேண்டாம்.

ஜூரோங்வாசி:

அனைவருக்கும் மிக்க நன்றி. சிராங்கூன் அக்கா சொன்னதைப் படித்தவுடன் அம்மாவின் விசாவை எடுத்துப் பார்த்தேன். பலமுறை நுழைவு விசாதான். செப்டம்பர் இறுதி வரை செல்லும். ஊருக்குத் திரும்ப அவருக்குச் சீட்டு போட்டிருப்பது செப்டம்பர் 9ஆம் தேதி என்பதால், குறைவான நாள்கள் கொடுத்தாலும் சமாளித்துவிடலாம் என்று தோன்றுகிறது. விவரத்தைச் சொன்னபோது, "கூடுதல் நாள் இருந்து இங்கே நான் என்ன செய்யப் போகிறேன், கல்யாணம் பார்க்கலாம்" என்றார். வி.இ.பி.க்கு இன்று மதியமே விண்ணப்பித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை விடுப்புக்கு மேலாளரிடம் நாளை கேட்க வேண்டும்.