மொரோவிண்ட் இப்போது விளையாடலாமா?

கல்முனைத் தம்பி:
ஏ.எல். முடிந்து வீட்டில் இருக்கிறேன். மச்சான் வீட்டில் ஸ்கைரிம் என்ற கணினி கேம் விளையாடி ஆசை பிடித்துவிட்டது. என்னுடையது பழைய லெப்டொப், தனி கிராபிக்ஸ் கார்ட் கிடையாது. அதில் ஓடும் என்று அதே தொடரில் 2002இல் வந்த மொரோவிண்டைச் சொன்னார்கள். கேம் தொடங்கும் சேடா நீன் ஊருக்குப் பக்கத்துக் குகையில் கத்தியை வீசுகிறேன், எதிரியின் உடம்பில் படுவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அடி விழவில்லை. எங்கே போவதென்று குறியும் இல்லை. இதற்கு நேரம் செலவழிக்கலாமா?

அக்கரைப்பற்று ரசிகன்:
நான் பாதியில் விட்டேன். நடை மெது, சண்டை சலிப்பு. அதே தொடரில் 2006இல் வந்த ஒப்லிவியனைப் பாருங்கள்.

செங்கலடி அக்கா:
தம்பி, விடாதீர்கள். நான் ஆசையாகத் திரும்பத் திரும்பப் போகிற கேம் இது.

முதலில் அந்த அடி. கத்தி உடம்பில் பட்டாலும், அடி விழுமா என்பதைக் கேம் உள்ளே கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்யும். ஆயுதத் திறன், சுறுசுறுப்பு, கொஞ்சம் அதிர்ஷ்டம், இவற்றோடு களைப்பு. ஓடினால் களைப்பைக் காட்டும் பச்சைக் கோடு இறங்கும். அது நிரம்பியிருந்தால், வெறுமையாக இருக்கும்போதைவிட அடி விழும் வாய்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். குகை வாசலில் கொஞ்சம் நின்று அது ஏறிய பிறகு உள்ளே போங்கள். அப்புறம், தொடக்க அலுவலகத்து மேசையில் கிடைப்பது குறுவாள். நீங்கள் நீண்ட வாளை முக்கியத் திறனாக எடுத்திருந்தால் அதனால் பயனில்லை. சேடா நீனில் இருக்கும் அரிலின் கடையில் உங்கள் திறனுக்கு ஏற்றதை வாங்குங்கள். ரெட்கார்ட் இனத்துக்கு நீண்ட வாளில் 15 புள்ளி கூடுதல், தொடங்குகிறவருக்கு நல்லது.

குறி இல்லாததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். படுவான்கரையில் ஒரு வீட்டைத் தேடிப் போனால், வாய்க்கால் கட்டால் போ, கோயிலடியில் திரும்பு, அங்கே யாரையாவது கேள் என்றுதானே சொல்வார்கள்? இங்கேயும் அப்படித்தான். பல்மோரா என்ற ஊரில் கையஸ் கொசாடஸ் என்பவரைத் தேட வேண்டும், சவுத் வால் மதுக்கடையில் விசாரி என்பார்கள். சொன்னதைக் கவனமாக வாசித்து, பாலத்தையும் மலை மடிப்பையும் பார்த்து நீங்களே இடத்தைப் பிடிக்கும்போது கேம் நடக்கும் தீவு உங்களுக்குப் பழகிப்போகும். கதைக்குத் தேவையான ஆளைக்கூடக் கொல்லலாம். தீர்க்கதரிசனத்தின் இழை அறுந்தது என்று ஒரு எச்சரிக்கை வரும், அவ்வளவுதான், உங்களைத் தடுக்காது. ஸ்கைரிமில் அப்படிப்பட்டவர்கள் முழங்காலில் விழுந்து மறுபடி எழும்பிவிடுவார்கள்.

ரசிகன் தம்பி சொன்ன மெது நடை உண்மை. ஓட்டமும் வேகமும் பழகப் பழகத்தான் கூடும். உரையாடலும் பெரும்பாலும் எழுத்தில்தான், ஆங்கிலம் நிறைய வாசிக்க வேண்டும். வாசிக்கப் பிடிக்காதவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

கல்முனைத் தம்பி:
நன்றி அக்கா. வாசிக்கப் பிடிக்கும். லெப்டொப் தாங்குமா?

செங்கலடி அக்கா:
தாங்கும். எக்ஸ்பி காலத்தில் 256 எம்பி ராம் கேட்ட கேம் இது. மொரோவிண்டை ஓட்டும் ஓபன்எம்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, வாங்கிய கேமின் கோப்புகளை அதற்குக் காட்டுங்கள். திடீரென்று நின்றுபோவது நன்றாகக் குறையும். மெதுவானால் தொலைதூரக் காட்சியைக் குறையுங்கள். டிரைபியூனல் விரிவாக்கமும் இருக்கட்டும், அதில்தான் குறிப்பேட்டைப் பணி வாரியாகப் பார்க்கும் வசதி வந்தது.

இன்னொன்று. பல்மோராவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் சில்ட் ஸ்ட்ரைடர் என்ற பெரிய பூச்சியில் ஏறாமல் முதல் தடவை நடந்தே போங்கள். சேடா நீனை விட்டு வெளிக்கிட்டதும் வானத்தில் ஒரு சத்தம் கேட்டால் நின்று பாருங்கள். என்னவென்று நான் சொல்லமாட்டேன்.